பிஸ்கட் டின் கொண்டுவந்த சின்னத் தாத்தா

எங்கள் வீட்டில் ஊசி, நூல், பட்டன் போட்டு வைக்கும் டின் ஒன்று உண்டு. மூடி முழுக்கத் துரு. அதில் என்ன படம் இருந்தது என்றே தெரியாது. மலேசியாவின் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்த காலத்திலும், தோட்டம் கைமாறி நாங்கள் டவுன் பக்கம் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்த பிறகும் அந்த டின் கூடவே வந்தது. "சின்னத் தாத்தா பட்டாளத்துலேர்ந்து கொண்டாந்தது" என்று பெரியத்தை சொல்வார். அதற்கு மேல் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நாற்பது வயது வரை நானும் கேட்கவில்லை.

2016இல் அப்பா தவறினார். பதினாறாம் நாள் காரியத்தில் முன்னோர் பெயர்களைச் சொல்லச் சொன்னார் ஐயர். அப்பாவின் அக்காவான பெரியத்தைக்கு அப்போது 82 வயது. வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் சின்னத் தாத்தா பெயரையும் சேர்த்தார். "இவர் எப்ப தவறினாரு?" என்று ஐயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "பட்டாளத்துக்குப் போனாரு, வரல" என்று மட்டும் அத்தை சொன்னார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுபத்தைந்து வருஷமாக ஒரு மனிதருக்கு எங்கள் வீட்டில் இருந்த பதில் அந்த ஒரு வரிதான்.

தேடத் தொடங்கியதும் முதலில் தடுக்கியது 'பட்டாளம்' என்ற சொல்லில்தான். நம் தோட்டப்புறத்தில் பிரிட்டிஷ் இந்திய இராணுவமும் பட்டாளம், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவமும் (ஐ.என்.ஏ.) பட்டாளம். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களைக்கூடச் சில வீடுகளில் "ஜப்பான்காரன் பட்டாளத்துக்குக் கொண்டுபோயிட்டான்" என்பார்கள். மூன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு. அதனால் வயதானவர்களிடம் "எந்தப் பட்டாளம்?" என்று கேட்டுப் பயனில்லை. என்ன உடுத்தியிருந்தார், தலையில் என்ன இருந்தது, என்ன வேலை செய்வதாகச் சொன்னார், கூட யார் வந்தார்கள், கையில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும்போது குறுக்கே திருத்தக் கூடாது. அத்தை ஒருமுறை "வெள்ளைக்காரன் ஓடுன வருஷம்" என்றார், இன்னொரு முறை "ஜப்பான் வந்த வருஷம்" என்றார். இரண்டும் ஒன்றுதான். ஆனால் நான் உடனே "எந்த வருஷம்?" என்று மடக்கியதும் அவர் பேச்சையே நிறுத்திவிட்டார். பிறகு கைப்பேசியை மேசையில் ஒலிப்பதிவில் வைத்துவிட்டு, அவர் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். அப்போதுதான் கதை வந்தது.

தாத்தா அண்ணன், சின்னத் தாத்தா தம்பி. அண்ணன் கப்பலேறி இங்கே பால் வெட்ட வந்துவிட்டார். தம்பி ஊரிலேயே இருந்து இராணுவத்தில் சேர்ந்தார். 1941இல் அவருடைய படையை மலாயாவுக்கே அனுப்பினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட இரண்டு பேரோடு, அண்ணன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார் என்று விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்திருக்கிறார். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்களாம். ஏழு வயது அத்தைக்கு அந்த பிஸ்கட் டின்னைக் கொடுத்திருக்கிறார். "பாலம் கட்ற வேலைண்ணே, ஒடைக்கவும் பழக்குறாங்க" என்று அண்ணனிடம் சொன்னாராம். தாத்தா சாகும் வரை இதைச் சொல்லிச் சொல்லி, அத்தைக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

பாலம் கட்டுவதும் உடைப்பதும் சாதாரணச் சிப்பாய் வேலை இல்லை. அது சாப்பர் படையின் வேலை. தமிழ் பேசுகிறவர்கள் பெருவாரியாகச் சேர்ந்த சாப்பர் படை எது என்று பார்த்தால், 1780இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ். அதன் தலைமையிடம் பெங்களூரு. அந்தப் படையினரை மற்ற படைக்காரர்கள் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம், இன்றைக்கும். இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தாத்தா கடைசி வரை "தம்பி, தம்பி" என்று புலம்பியதைக் கேட்டு வளர்ந்த வீடு இது.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது. பிரிட்டிஷ் தரப்பினர் ஜித்ராவில் நின்று பார்த்தார்கள், முடியவில்லை. குரூணில் நின்றார்கள், முடியவில்லை. பின்வாங்கும் படை பேரா ஆற்றுப் பாலங்களைத் தகர்த்துவிட்டுத் தெற்கே வந்தது. டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை கம்பாரில் கடும் சண்டை. ஜனவரி 7 அன்று சிலிம் ரிவரில் படை சிதறியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. கோலகங்சாரிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பழைய சாலை எங்கள் டவுனுக்குள்தான் வருகிறது. தம்பி போன அந்தச் சாலையைத்தான் தாத்தா அதற்குப் பிறகும் பல வருஷம் சைக்கிளில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

முதலில் தைப்பிங் போர்க் கல்லறைக்குப் போனோம். ஒரு மணி நேரப் பயணம்தான், ஆனால் எங்கள் குடும்பத்தில் அதுவரை ஒருவரும் போனதில்லை. தைப்பிங் ஏரித் தோட்டத்துக்குப் பல தடவை போயிருக்கிறோம், மிருகக்காட்சி சாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறோம். அங்கிருந்து மலையடிவாரம் எவ்வளவு தூரம்! புக்கிட் லாருட் போகும் சாலை நடுவில் ஓட, கல்லறை இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்துவ வீரர்கள், மறுபக்கம் இந்திய, கூர்க்கா வீரர்கள். போர் முடிந்த பிறகு சண்டை நடந்த இடங்களிலிருந்தும், அங்கங்கே அவசரமாகப் புதைத்த இடங்களிலிருந்தும் எடுத்து வந்து இங்கே சேர்த்தார்கள். 850க்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேல் யாரென்று அடையாளம் தெரியாதவர்கள். அப்படிப்பட்ட ஒரு கல்லில், இந்திய இராணுவத்தைச் சேர்ந்த ஒரு வீரர் இங்கே கௌரவிக்கப்படுகிறார் என்று மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அத்தை, "அப்ப இதுவாக்கூட இருக்கலாம்ல?" என்றார். அடுத்த கல்லிலும் அதே வரி. அதற்கும் அடுத்ததிலும்.

அத்தை கையில் விபூதிப் பொட்டலம் வைத்திருந்தார். கல்லில் பூச வேண்டும் என்றார். நல்லவேளையாக அங்கே வேலை செய்கிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். கல் உறிஞ்சிக்கொள்ளும், கறை போகாது, எழுத்து கெடும் என்று பொறுமையாக விளக்கினார். போர்க் கல்லறைக்குப் போகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எண்ணெய், மஞ்சள், குங்குமம், சோப்பு எதுவும் கல்லில் படக் கூடாது. எழுத்து தெரியாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். பூவைப் புல் மேல் வைக்கலாம். நாங்கள் மல்லிகையை அப்படித்தான் வைத்துவிட்டு வந்தோம்.

அங்கே நின்றபோது எனக்கு ஒன்று உறைத்தது. இந்து வீரர்களைப் பெரும்பாலும் எரித்துவிடுவார்கள். எரித்தவருக்கு ஏது கல்லறை? உடலே கிடைக்காதவருக்கும் இல்லை. கல்லறை கல்லறையாக நடந்து தேடினால் நம் ஆட்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அவர்கள் சுவரிலும் தூணிலும் வெறும் பெயராக இருக்கிறார்கள். சிங்கப்பூர் கிராஞ்சியில், கல்லறை தெரியாத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் 1957இல் திறந்த நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மத வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்களுக்கு அங்கேயே தனியாக ஒரு நினைவிடம் உண்டு. அதில் ஏறக்குறைய 800 பெயர்கள், பெரும்பாலும் இந்தியப் படையினர்.

இந்தப் பெயர்களையெல்லாம் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் என்றால் 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்கள் அதில் வருவார்கள். சண்டையில் செத்தவர் மட்டுமல்ல; நோயில், விபத்தில், கைதியாக இறந்தவரும் உண்டு. துப்பாக்கி பிடித்தவர்தான் என்றும் இல்லை. சமையல்காரர், துப்புரவு வேலை செய்தவர், ஆஸ்பத்திரி உதவியாளர் என்று படையில் பதிந்தவர்களும் இருக்கிறார்கள். "எங்க தாத்தா சும்மா சமையல்காரர்தான்" என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நம் பெயர்களைத் தேடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இங்கே நாம் ஆங்கிலத்தில் எழுதும் முறை வேறு, அந்தக் காலத்து மெட்ராஸ் குமாஸ்தா எழுதிய முறை வேறு. சின்னசாமியை நாம் 'எஸ்' போட்டுத் தொடங்குவோம், அவர் 'சி-எச்' போட்டிருப்பார். நாம் 'சாமி' என்று முடிப்பதை அவர் 'ஸ்வாமி' என்று முடித்திருப்பார். அதனால் முழுப் பெயரையும் தட்டாமல் முதல் சில எழுத்துகளை மட்டும் போட்டு, இந்தியப் படை, 1941 முதல் 1945 வரை என்று சுருக்கிக்கொண்டு, வரும் பட்டியலைக் கண்ணால் படிக்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லாததால் சொந்தப் பெயரே குடும்பப் பெயர் இடத்தில் கிடக்கும். பல பதிவுகளில் 'இன்னாருடைய மகன், இன்ன ஊர்' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உயிர்.

அந்த வரியில்தான் நான் தவறு செய்தேன். 2017இல் சின்னத் தாத்தாவின் பெயரிலேயே ஒருவர் கிடைத்தார். மெட்ராஸ் மாகாணம், 1942 ஜனவரி. அப்பா பெயர் மட்டும் வேறு. குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற வேகம் கண்ணை மறைத்துவிட்டது. அத்தையிடம் போய்ச் சொன்னேன். அழுதார். அந்தத் தேதியில் படையல் போட்டு, வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் கும்பிட்டோம். இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் பதிவை நிதானமாகத் திரும்பப் பார்த்தேன். படைப் பிரிவும் சாப்பர் இல்லை, மருத்துவப் பிரிவு. அவர் வேறொருவர்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி விடு. அவனும் யாரு பெத்த புள்ளையோ. கும்பிட்டதுல தப்பில்ல" என்றார்.

பெயர், அப்பா பெயர், ஊர், படைப் பிரிவு: இவற்றில் குறைந்தது மூன்று பொருந்தாமல் வீட்டில் வாயைத் திறக்காதீர்கள். வயதானவர்கள் மனத்தில் ஒரு தேதியை நட்டுவிட்டுப் பிறகு பிடுங்குவது கொடுமை.

அதன் பிறகு நான் எதிர்ப்பக்கமாகத் தேடினேன். தோட்டத்து அலுவலகத்தில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) புத்தகங்கள் இருக்குமா என்று விசாரித்தேன். தோட்டம் கைமாறியபோது எல்லாவற்றையும் குப்பையோடு எரித்துவிட்டார்களாம். கைகொடுத்தது தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட். அலமாரியின் அடியில், வீட்டு வரி ரசீதுகளோடு கிடந்தது. அதில் ஊர், தாலுகா, சேலம் மாவட்டம் என்று தெளிவாக இருந்தது. ஊர் இப்போது நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். தர்மபுரி 1965இல் பிரிந்தது. பழைய பதிவுகளில் தேடும்போது இதை மறந்தால், சரியான ஆளையே 'ஊர் வேறு' என்று தள்ளிவிடுவோம்.

2018இல் போனேன். ஊரில் எங்கள் வகையறா இன்னும் இருந்தார்கள். "மலாயாக்காரங்க வந்திருக்காங்க" என்று தெருவே கூடிவிட்டது. சின்னத் தாத்தா பேச்சை எடுத்ததும், பங்காளி முறையில் பெரியப்பா ஆக வேண்டியவர் ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்து வந்தார். உள்ளே ஒரு போட்டோ. தலையில் விளிம்பில்லாத உயரமான தொப்பி, மெட்ராஸ் சாப்பர்களுக்கே உரிய தொப்பி. போட்டோவுக்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம். படை எண், சாப்பர் என்ற பதவி, ஜப்பானியரிடம் கைதியாக இருந்தபோது இறந்தார் என்ற செய்தி, 1943இல் ஒரு தேதி. கொள்ளுப்பாட்டிக்கு மாதாமாதம் மணியார்டரில் பென்ஷன்கூட வந்திருக்கிறது.

அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. போர்க் காலத்தில் தபால் நின்றுபோனது, பிறகு கொள்ளுப்பாட்டி இறந்தார், கடிதம் எழுதத் தெரிந்தவர் ஊரை விட்டுப் போனார். அவ்வளவுதான், இரண்டு கரைக்கும் நடுவில் செய்தி விழுந்துவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், ஆணையத்தைத் தேடுவதற்கு முன்பே ஊரில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். நான் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

படை எண் கையில் வந்த பிறகு ஆணையத்தின் பதிவு ஒரே நிமிடத்தில் கிடைத்தது. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால்தான் எனக்கு முன்பு தட்டுப்படவில்லை. அப்பா பெயரும் ஊரும் சரியாக இருந்தன. இப்படிப்பட்ட பிழைகளைத் திருத்தச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம். அந்தக் காலத்து ஆவணம் இருந்தால் பரிசீலிப்பார்கள். அந்தக் கடிதத்தை மடிப்பு விரித்து, பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். அசல் ஊரிலேயே இருக்கட்டும் என்று விட்டுவந்தேன். அது அவர்களுடைய சொத்து.

சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17 அன்று, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களை ஃபேரர் பார்க்கில் கூட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்து வழி பிரிகிறது. பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராத பலரை நியூ கினி வரை கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள், திரும்பியவர்கள் குறைவு. இரண்டு பக்கத்தையும் நான் எடைபோட்டுப் பார்க்க விரும்பவில்லை. எங்கள் லயத்தின் கடைசி வீட்டுப் பாட்டி, கேப்டன் லட்சுமி தலைமையில் இருந்த, ஐ.என்.ஏ.யின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் பயிற்சி எடுத்தவர். பால் வாளி தூக்கிய கையில் துப்பாக்கி தூக்கியதை அவர் சொல்லும்போது முதுகு நிமிர்ந்துவிடும். அவருக்கும் சின்னத் தாத்தாவுக்கும் என் மனத்தில் ஒரே இடம்தான்.

ஆனால் ஐ.என்.ஏ.யில் இருந்தபடி இறந்தவர்களை ஆணையத்தின் பட்டியலில் தேடக் கூடாது, அங்கே கிடைக்க மாட்டார்கள். நேதாஜி 1945 ஜூலையில் சிங்கப்பூரில் அவர்களுக்காக அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தையும் திரும்பி வந்த பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் 1995இல் ஒரு குறிப்புக் கல் வைத்தார்கள். ஐ.என்.ஏ. ஆட்களைத் தேடுகிறவர்கள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தையும், சிங்கப்பூர் ஆவணக் காப்பகத்தின் வாய்மொழிப் பதிவுகளையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை, தமிழ் முரசு உட்பட, இணையத்தில் வைத்திருக்கிறது. அதிலும் எதிர்பாராத பெயர்கள் அகப்படும்.

அதைவிட அவசரமானது உயிரோடு இருக்கிறவர்களின் பேச்சு. கடைசி வீட்டுப் பாட்டி சொன்ன எதையும் நான் பதிவு செய்யவில்லை. அவர் இப்போது இல்லை. அது என் மனத்தில் இன்னும் முள்ளாக இருக்கிறது.

2019 பள்ளி விடுமுறையில் அத்தையைக் கிராஞ்சிக்குக் கூட்டிப்போனோம். ஜொகூர் பாலம் தாண்டினால் கிட்டத்தில்தான். போவதற்கு முன் ஆணையத்தின் பதிவில் இருக்கும் தூண் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெயர்கள் படைப் பிரிவு வாரியாக இருப்பதால், எண் இல்லாமல் போனால் அத்தனை ஆயிரம் பெயர்களுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றாலும் முடியாது. வயதானவர்களைக் காலையிலேயே கூட்டிப்போய்விடுங்கள், மேடு ஏற வேண்டும்.

சின்னத் தாத்தாவின் பெயர் தலைக்கு மேலே இருந்தது. அத்தைக்கு எட்டவில்லை, ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. நான் படித்தேன். "இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். பையிலிருந்து அந்த பிஸ்கட் டின்னை எடுத்துத் தூணடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. திதியை 1943ஆம் வருஷத் தேதிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். தாத்தா தை அமாவாசையில்தான் தம்பிக்கு எள்ளுத் தண்ணி இறைத்தார், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

கிளம்பலாம் என்று சக்கர நாற்காலியைத் திருப்பினேன். அத்தை என் கையைப் பிடித்தார்.

"அந்த இன்னொருத்தர்? நம்ம படையல் போட்டமே, அவரு எங்க இருக்காரு?"

அவருடைய தூண் எண்ணும் என் நோட்டில் இருந்தது. மருத்துவப் பிரிவு, வேறு வரிசை. தேடிப் போனோம். நல்லவேளை, அவர் பெயர் கீழேயே இருந்தது. அத்தை மீதி மல்லிகையை அங்கே வைத்துவிட்டு, எழுத்தின் மேல் விரலை வைத்தபடி, "அவங்க அப்பா பேரு என்ன போட்டிருக்குன்னு சொன்ன?" என்று கேட்டார். சொன்னேன்.